போக்குப் பார்த்து வெட்டினால் செருப்பு நிற்கும்

வீட்டில் செய்த செருப்பு ஒரே மாதத்தில் தொளதொளத்துப் போனால், பழி பெரும்பாலும் தையல்மேல்தான் விழும். ஆனால் கோளாறு அதற்கு முன்பே, தோலை வெட்டியபோதே நடந்திருக்கும். தோலுக்கு எல்லாப் பக்கமும் ஒரே வலு கிடையாது. அது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கும் அடுக்கு. முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் இழைகள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கமும் கால் இடுக்கிலும் தளர்ந்து கிடக்கும், ஏனென்றால் மாடு மேய்ந்து வயிறு நிறையவும் நடக்கவும் அங்கே தோல் நெகிழ்ந்து கொடுத்தாக வேண்டும். அந்த நெகிழ்ச்சி பதனிட்ட பிறகும் போவதில்லை.

ஆகவே முதல் வேலை, துண்டை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பார்ப்பது. குறைவாக நீளும் திசைதான் தோலின் போக்கு. முதுகுப் பகுதியில் அது தண்டுக்கு இணையாக ஓடும். அந்தத் திசையில் பின்பக்கம் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். வார்களின் நீளம் எப்போதும் அம்புக்குறியோடு போக வேண்டும். தோல் மிச்சமாகிறதே என்று குறுக்கே வெட்டிய வார், நடக்க நடக்க இழுபட்டுக்கொண்டே போகும். எத்தனை நெருக்கமாகத் தைத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, எந்தத் தோல் என்பது. செருப்புக்குப் பட்டையில் பதனிட்ட தோல்தான் ஏற்றது. நெல்லைச் சீமையின் தரிசிலும் செம்மண் மேட்டிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும், பொங்கலுக்குக் காப்புக்கட்டப் பறிக்கும் அதே ஆவாரையின் பட்டைதான் தென்னிந்தியத் தோல் பதனிடலுக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இழைகளுக்கு நடுவே புகுந்து, அங்கிருக்கும் தண்ணீரை வெளியேற்றி, கொலாஜனோடு பிணைந்துகொள்ளும். அதன் பிறகு தோல் அழுகாது. ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள்.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் நனைத்து வளைத்துக் காயவைத்தால் அந்த வடிவத்தில் நிற்காது. பட்டைத் தோல் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் சுருங்கத் தொடங்குவதால் உடனே சுருண்டு கட்டியாகிவிடும். குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தாலும் அது குரோம்தான்.

சென்னை பெரியமேட்டிலும் திண்டுக்கல் பக்கத்திலும் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். ஒரு ஜோடிக்குப் பாதம் படும் மேல்தளம் 3 மி.மீ. கனத்தில் ஒரு சதுர அடி, கீழ்த்தளத்துக்கு 4 மி.மீ. எருமைத் தோல் ஒரு சதுர அடி, வாருக்கு 2 மி.மீ. தோல் ஒரு சதுர அடி போதும். வாருக்கு அரை அடியே ஆகும். மீதி, தழும்பையும் உண்ணி கடித்த பொத்தலையும் ஒதுக்குவதற்கு.

பாதத்தை அளப்பது சாயங்காலம். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் நமக்கு வேண்டும். உட்கார்ந்துகொண்டு வரையக் கூடாது. எடை இறங்கும்போது பாதம் நீண்டு அகலும். தாள்மேல் நின்றுகொண்டு, வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். பென்சில் சாய்ந்தால் கோடு உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர் போய்விடும். கடையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசமே ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மி.மீ.தான். ஆக, பென்சில் சாய்வதாலேயே அரை சைஸ் தப்பிப் போகும். பெருவிரல் எலும்பு புடைக்கும் இடத்தையும் சுண்டுவிரல் பக்க மூட்டையும் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு முன்னால் 8 மி.மீ., குதிகாலுக்குப் பின்னால் 4 மி.மீ. கூட்டித் தளம் வெட்டலாம். இரண்டு காலையும் தனித்தனியாக வரைய வேண்டும்.

மேல்தளத்தில் வார் புகும் பொத்தல்களில்தான் செருப்பின் உயிர் இருக்கிறது. முன்வார் இரண்டு, 25 மி.மீ. அகலத்தில், பாதத்தின்மேல் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். குதிகால் வார் 18 மி.மீ. பக்கிளோடு இருக்கட்டும். பொத்தல் பாதக் கோட்டுக்கு வெளியே போனால் வார் பாதத்தை அணைக்காது, கால் பக்கவாட்டில் வழுக்கும். கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். வெட்டும் முன் பொத்தலின் இரு முனையிலும் 3 மி.மீ. வட்டத் துளை குத்திக்கொண்டு, பிறகு இரண்டையும் கத்தியால் இணையுங்கள். கத்திக் கீறல் கூர்மையாக முடிந்தால், ஒவ்வொரு அடியிலும் வரும் இழுவிசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து தோல் கிழியும். வட்டத் துளை அதே விசையை வளைவு முழுவதும் பரப்பிவிடுகிறது. தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் தொழிலாளர்களின் கைக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் கத்தி பிடிக்கும் கோணம் உட்பட எத்தனையோ விளங்கும். அவர்களது நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கறுப்பு வேண்டுமென்றால் சாயம் வாங்க வேண்டியதில்லை. அரை லிட்டர் வெள்ளை வினிகரில் ஒரு கைப்பிடி இரும்பு ஆணியை ஒரு வாரம் ஊறப்போடுங்கள். ஹைட்ரஜன் வாயு வெளியேறும், மூடியை இறுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் துருப்பிடிக்காத எஃகு, அது உதவாது. வடிகட்டிய நீரைத் தோலில் தடவினால் கண்முன்னே சாம்பலாகி, நீலமாகி, சில நிமிடங்களில் கறுத்துவிடும். டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் இந்தக் கறுப்புத்தான் பழைய கடுக்காய் மையிலும் இருப்பது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கலந்து துடைத்துவிட வேண்டும், அமிலம் தங்கினால் இழை மட்கும். இரும்பு பட்டாலே டானின் கறுக்கும் என்பதால், கறுப்பு வேண்டாதவர்கள் ஈரத் தோல்மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்தக் கறை போகாது.

வார்களைப் பொத்தலில் விட்டு, காலை வைத்து, எழுந்து நின்று இழுத்துப் பாருங்கள். சரியாக இருக்கிறது என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் 3 மி.மீ. இறுக்குங்கள். போக்கோடு வெட்டிய வாரும் முதல் சில நாளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அடியில் மடங்கும் வால் 25 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். நுனியை நோக்கிக் காகிதம்போல் சீவாவிட்டால் அந்த மேடு உள்ளங்காலை உறுத்தும்.

மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன். தளத்தின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒட்டும் இரண்டு பரப்பிலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், பத்து நாளில் வாய் பிளக்கும்.

தையல் இரட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விட வேண்டும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அறுந்த இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, 1 மி.மீ. ஆழத்தில் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளக்கோடு கீறி, நூலை அதற்குள் புதைக்க வேண்டும். குத்தூசித் துளைகளுக்கு இடையே 5 மி.மீ. இருக்கட்டும். இன்னும் நெருக்கினால் தபால்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழியும். தைக்கும் தூரத்தைப்போல் நான்கு மடங்கு நூல் தேவை. தளத்தின் சுற்று 65 செ.மீ. என்றால் 2.6 மீட்டர். அத்தனை நீள நூல் இழுபட்டுத் தேயும் என்பதால் பாதிப் பாதியாகத் தைப்பது நல்லது. நூலில் தேன்மெழுகு தடவினால் துளைக்குள் நழுவாது, தண்ணீரும் எளிதில் ஏறாது.

கீழே ரப்பர் சோல் ஒட்டியே ஆக வேண்டும். தோல் மட்டும் ஆற்றுப் படித்துறையில் வழுக்கும். நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து உடைமரக் காட்டில் நடப்பவர்களுக்குப் பழைய நைலான் டயர் துண்டு நல்லது, உடைமுள்ளை அது நன்றாகத் தாங்கும். கம்பி ஓடும் ரேடியல் டயரை எடுக்காதீர்கள், தேயும்போது கம்பி முனை வெளியே நீட்டும். சோலைத் தைக்காமல் ஒட்ட மட்டும் செய்யுங்கள். தேய்ந்ததும் பிய்த்துவிட்டு, தளத்தைத் தொடாமல் புதிதாக ஒட்டலாம்.

நனைந்த செருப்பை வெயிலில் வைக்காதீர்கள். சூடு ஈரத் தோலைத்தான் அதிகம் கெடுக்கும், சித்திரை வெயிலில் தகிக்கும் மொட்டைமாடித் தளம் அதற்குப் போதும். நிழலில் காற்றாடக் காயவிட்டு, சற்றே ஈரப்பதம் மிஞ்சியிருக்கும்போது விளக்கெண்ணெய் சில சொட்டு துணியில் தொட்டுத் தேயுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் வந்தால் கொஞ்சம் வேப்பெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும், தோல் வெடிக்கும். எந்த எண்ணெயும் அளவுக்கு மிஞ்சினால் இழைகள் வழுக்கி, வார் மறுபடி நீளத் தொடங்கும். அப்போது பக்கிள் வாரில் ஒரு துளை உள்ளே தள்ளிக் குத்திக்கொள்ளலாம்.