ஸ்பார்க் பிளக் மரையில் ஆண்டி-சீஸ் களிம்பு வேண்டாம்

போன வாரம் மட்டும் மூன்று வண்டிகள். மூன்றாவது, உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பியுடையது. சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். “அண்ணே, சுத்திக்கிட்டே இருக்கேன், பிளக் இறுகவே மாட்டேங்குது.” இன்ஜினில் தீப்பொறி தரும் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மரையிடுக்கில் செம்பு நிறக் களிம்பு, அதோடு சுருள் சுருளாக அலுமினியம். இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிட்டது.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கி, 10 மி.மீ. பிளக்குக்கு உரிய 12 நியூட்டன் மீட்டரில்தான் வைத்திருக்கிறார். பிளக் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆண்டி-சீஸ், அதாவது மரை சிக்காமல் இருக்கத் தடவும் அந்தக் களிம்பு, பூசியதுதான் வினை.

“பின்னாடி சிக்கிக்கக் கூடாதேன்னுதான் பூசினேன்” என்றார். எல்லோரும் சொல்வது இதைத்தான். இரிடியம் பிளக்கை 100,000 கிலோமீட்டர் கழித்து முதல்முறை கழற்றும்போது எனக்கே கை கொஞ்சம் தயங்கும். ஆனால் இப்போது வரும் பிளக்கின் மரையைப் பாருங்கள், வெள்ளி போல மின்னும். அந்த உலோகப் பூச்சு இருப்பதே சிக்காமல் இருக்கத்தான். என்ஜிகே நிறுவனமே தன் பிளக்குக்கு ஆண்டி-சீஸ் வேண்டாம் என்கிறது. பூச்சில்லாத கறுப்பு மரைப் பிளக்குகளுக்கு அந்தக் காலத்தில் பூசினோம், சரிதான். அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் பேச்சு ஒன்று உண்டு: “டார்க் ஸ்பேனர்லதானே இறுக்கினேன், எப்படி அதிகமாகும்?” ஸ்பேனருக்கு மரை எவ்வளவு இழுபடுகிறது என்று தெரியாது. திருப்ப எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அந்தப் பலத்தில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடும். மிச்சம்தான் பிளக்கை இழுத்துப் பிடிக்கும். நிறுவனம் கொடுக்கும் எண் காய்ந்த மரைக்கான கணக்கு. நீங்கள் களிம்பைப் பூசி உராய்வைக் குறைத்தால், அதே ‘கிளிக்’ வருவதற்குள் பிளக் இன்னும் கொஞ்சம் சுற்றி, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும். 20 சதவீதம் வரை மாறலாம் என்கிறது என்ஜிகே. அலுமினியம் ஒருமுறை பொறுக்கும், இரண்டு முறை பொறுக்கும். இந்தத் தம்பிக்கு நான்காவது முறை கிளிக் வரவே இல்லை.

யூடியூபில் ஃபோர்டு 5.4 லிட்டர் வி8 இன்ஜினைக் காட்டி, பூசத்தான் வேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு: அதில் ஃபோர்டு பூசச் சொன்னது மரையில் அல்ல, மரைக்குக் கீழே நீளும் உறைப் பகுதியில். சிங்கப்பூரில் அந்த இன்ஜினை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? அப்புறம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பருக்குள் தடவும், மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வேறு, இது வேறு. பெரும்பாலான ஆண்டி-சீஸில் உலோகத் தூள் இருக்கிறது. பீங்கானிலோ முனையிலோ பட்டால் தீப்பொறி தவறி மிஸ்ஃபயர்தான்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள். பழையது முரண்டு பிடித்தால் மல்லுக்கட்டாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். புதியதை விரலால், இல்லையென்றால் ஒரு ரப்பர் குழாயைச் செருகித் தொடங்குங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும். வாஷருள்ள 14 மி.மீ. பிளக் என்றால் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையா? விரலிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. கழற்றிய அதே பிளக்கைத் திரும்பப் போடுகிறீர்கள் என்றால், கடிகாரத்தில் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் தூரம் போதும். வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? பரவாயில்லை, பட்டறைக்கு வரும்போது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன். ஹெட்டைக் கழற்றி, கெட்ட மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போடுவதைவிட, கழற்றும்போதே மரையைத் துடைத்துவிடுவது எனக்கும் சுலபம், உங்கள் பைக்கும் அன்று மாலையே வேலைக்குப் போகும்.