கிணற்றில் குதிப்பவன் வீரனா?

"வீரம் என்றால் என்ன?" என்று ஏதென்ஸ் தளபதி லாக்கீஸிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். பிளேட்டோ எழுதிய 'லாக்கீஸ்' உரையாடலில் வரும் காட்சி இது. இதிலென்ன கஷ்டம், அணியை விட்டு ஓடாமல் எதிரியோடு மோதுபவன் வீரன் என்கிறார் தளபதி. அப்படியானால் ஓடிக்கொண்டே சண்டை போடும் சிதியர்கள் என்ற நாடோடிக் குதிரை வீரர்கள்? பொ.மு. 479இல் கிரேக்கத்தின் பிளாட்டியாவில் நடந்த போரில் ஸ்பார்ட்டாக்காரர்கள் முதலில் பின்வாங்கி, பாரசீகரின் அணி குலைந்ததும் திரும்பி அடித்தார்களே?

சரி, வீரம் என்பது மன உறுதி என்று மாற்றிக்கொள்கிறார் லாக்கீஸ். இங்கிருந்துதான் பிடி இறுகுகிறது. வீரம் நல்லதுதானே? ஆமாம். முட்டாள்தனமான உறுதி கெடுதல்தானே? ஆமாம். நீச்சல் பழகியவனும் பழகாதவனும் கிணற்றில் குதிக்கிறார்கள், யாருக்குத் துணிச்சல் அதிகம்? பழகாதவனுக்கு. ஆனால் அவன் செய்வதுதானே முட்டாள்தனம்? தளபதி மாட்டிக்கொண்டார்.

இந்தக் குறுக்கு விசாரணைக்குக் கிரேக்கத்தில் எலெங்கோஸ் என்று பெயர். சாக்ரடீஸ் தன் முடிவு எதையும் திணிப்பதில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகவே வைக்கிறார், எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படி. கடைசியில் லாக்கீஸோடு மோதுவது லாக்கீஸ் சொன்னதேதான்.

ஆனால் இந்த முறை ஓரளவுக்குத்தான் உதவும். லாக்கீஸ் ஒப்புக்கொண்டவை எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று காட்டும். எது பொய் என்று சொல்லாது. 'வீரம் எப்போதும் நல்லது' என்பதை லாக்கீஸ் கைவிட்டிருந்தால் தப்பியிருப்பார். என்னைக் கேட்டால், அதுதான் அங்கே பலவீனமான கண்ணி. அவருக்கு அது தோன்றவில்லை. மனசுக்குள் தெரிகிறது, வார்த்தையில் பிடிபட மாட்டேன் என்கிறதே என்று எரிச்சல்படுகிறார்.

அப்புறம் இன்னொரு தளபதியான நிக்கியாஸின் முறை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்ற அறிவே வீரம் என்கிறார். அவரையும் மடக்கும் வழியில் சாக்ரடீஸ் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார்: சட்டப்படி குறிகாரன் தளபதிக்கு அடங்கியவன், தளபதி குறிகாரனுக்கு அல்ல. நிக்கியாஸ் மறுக்கவில்லை.

பொ.மு. 413இல் நிக்கியாஸ் தலைமையில் சிசிலித் தீவுக்குப் போன ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்க வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது. குறிகாரர்கள் சொன்னார்கள் என்று 27 நாள் காத்திருக்க முடிவெடுத்தார் நிக்கியாஸ். கப்பற்படை போயிற்று, அவர் தலையும் போயிற்று. பிளேட்டோ இந்த உரையாடலை எழுதியது அதற்குப் பிறகு.