அந்தக் கேரி பேக் முடிச்சு

குப்பை தரம் பிரிக்கிற இடத்துல சூப்பர்வைசரா இருக்கேன். எங்க வேலையில எதுக்கு அதிக நேரம் போகுதுன்னு கேட்டா, முடிச்சு அவுக்கறதுக்குத்தான்னு சொல்லுவேன்.

வீட்டுல காய்கறித் தோல், மிச்ச சாப்பாடு, அட்டை, பிளேடு எல்லாத்தையும் ஒரே கேரி பேக்ல திணிச்சு இறுக்கி முடிச்சுப் போட்டு வெளிய வெச்சிடறோம், நாத்தம் போச்சு, வேலை முடிஞ்சுது. அதே பை எங்க கைக்கு வர்றப்போ உப்பிப்போய் இருக்கும், முடிச்சு அவுக்கவே வராது, கிழிச்சா கருப்பா தண்ணி வழியும், உள்ள இருக்கிற அட்டை ஊறி கூழாயிருக்கும். காய்ஞ்சு வந்திருந்தா அது காசு, நனைஞ்சதை எவனும் எடுக்க மாட்டான்.

ஒரு தடவ இன்சுலின் ஊசி ஒண்ணு கையுறையத் தாண்டி எங்க கூட வேலை பாக்குற அக்கா விரல்ல ஏறிடுச்சு. மாசக்கணக்கா பிளட் டெஸ்ட்டுக்கு அலைஞ்சாங்க, பாவம். போட்டவங்களுக்கு இது தெரியவே போறதில்ல. தயவுசெஞ்சு ஊசி, பிளேடு, உடைஞ்ச கண்ணாடிய கெட்டியான டப்பாவுல போட்டு மூடி, மேல எழுதி தனியா குடுங்க.

மெஷின் வெச்சு பிரிக்க முடியாதான்னு கேப்பாங்க. இரும்பைக் காந்தம் இழுக்கும், மண்ணு சல்லடையில விழும், ஆனா ஊறிப்போன அட்டைய எந்த மெஷினும் திருப்பித் தராது. பிரிக்க முடியாதது குப்பை மேட்டுக்குப் போகும், அடியில காத்துப் போகாம அழுகி மீத்தேன்ங்கிற எரியற வாயு வரும். அது காத்துல 5லேர்ந்து 15 சதவீதம் கலந்தா தீப்பிடிக்க ஒரு பொறி போதும். குப்பை மேடு நாள்கணக்கா புகையறது இதனாலயும்தான்.

"நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் லாரியில ஒண்ணா கொட்டறாங்களே"ன்னு கோவப்படறாங்க. சில இடத்துல அப்படி நடக்குது, பொய் சொல்ல மாட்டேன், சத்தம் போட்டுக் கேக்கணும். ஆனா வீட்டுலயே உரமாக்குறது லாரி ஏறவே ஏறாதே. ஓட்டை போட்ட வாளி, ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச சருகு, அப்பப்போ கிளறி விடணும். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகினா இன்னும் சருகு போடுங்க, நாத்தம் தானா அடங்கிடும்.

இதுக்கு இடமில்லையா, ஈரக்குப்பைய மூடி போட்ட பக்கெட்ல சேத்து வெச்சு, பையே இல்லாம வண்டியில கொட்டிடுங்க. அடியில ஒரு பழைய பேப்பர் விரிச்சா பக்கெட்ல ஒட்டாது.