வீரர் யார் என்று கேட்டால் பிறந்த தேதியை எழுதாதீர்கள்

‘யாரை வீரர் என்பாய்? ஏன்?’ என்று ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்திருந்தேன். நேற்று இரவு திருத்த உட்கார்ந்தால் காமராசர், காமராசர், கலாம், மறுபடி காமராசர். எல்லாம் கைடில் இருந்து. முன்னுரை, பிறப்பு, இளமை, தொண்டு, முடிவுரை என்று அதே ஐந்து துணைத்தலைப்புகள். தமிழாசிரியருக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஒரு தாள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தான் அந்தப் பையன். அடித்ததைப் படித்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, அவன் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு லைன்மேன், காய்ச்சலோடு சேற்றில் நின்று கம்பம் நட்டதை எழுதியிருந்தான். அடுத்த பக்கத்தில் காமராசர் பிறந்துவிட்டார். காலையில் கூப்பிட்டுக் கேட்டேன். “அம்மாதான் சார் அடிக்கச் சொன்னாங்க. பேரே தெரியாத ஆளைப் பத்தி எழுதினா மார்க் வராதுன்னாங்க.”

வரும். அதற்குத்தான் வரும்.

கேட்டது வரையறை, வாழ்க்கை வரலாறு அல்ல. பிறந்த ஊர், தேதி, பெற்றோர் பெயர் எல்லோருக்கும் உண்டு. 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் வேறு குழந்தைகளும் பிறந்திருக்கலாம். அந்த ஒருவரை மட்டும் ஏன் சொல்கிறாய் என்பதுதான் கேள்வி. தேதி அதற்குப் பதில் ஆகாது. பெயர் பெரியதாக இருப்பதும் பதில் ஆகாது. காமராசரையே எழுதட்டும், தாராளமாக. 1963-இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமாகவே விட்டார். கையில் இருக்கும் அதிகாரத்தை விடுவது எப்படி வீரமாகும்? இதை ஒரு பத்தி யோசித்து எழுதினால் நான் அள்ளிக் கொடுப்பேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டு முயன்று 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் கையில் வாள் இல்லை. அப்படியானால் அவரிடம் இருந்தது என்ன?

வீரம் எது என்று வரையறுப்பதை வள்ளுவர் செய்து காட்டியிருக்கிறார். ‘பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.’ அஞ்சாமை பேராண்மைதான். ஆனால் பகைவனுக்கு ஒரு துன்பம் வந்தால் உதவுவதே அதன் கூர்மை என்கிறார். இன்னோரிடத்தில் பிறன்மனை நோக்காததைப் பேராண்மை என்கிறார். ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல். நாமோ குறளை மனப்பாடப் பகுதி என்று ஒப்பிக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கைடை மூடுங்கள். முதல் வரியில் ஆள் பெயர் வேண்டாம்; ‘நான் வீரர் என்று சொல்வது இப்படிப்பட்டவரை’ என்று தொடங்கட்டும். ‘பயப்படாதவர்’ என்று எழுதினால் விடாதீர்கள், திருடனும்தானே பயப்படாமல் சுவர் ஏறுகிறான் என்று மடக்குங்கள். அவனை வெளியே தள்ளும் சொல்லைப் பிள்ளையே தேடட்டும். அப்புறம்தான் ஆளைத் தேட வேண்டும். நடிகர் பெயரைச் சொன்னால் திட்ட வேண்டாம். திரைக்கு வெளியே அவர் செய்தது என்ன என்று மட்டும் கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று. தேர்வுக்குத் துணைத்தலைப்பு வேண்டும், தெரியும். ‘பிறப்பு’ என்று இருக்கும் இடத்தில் ‘எதை விட்டுக்கொடுத்தார்’ என்று போடச் சொல்லுங்கள், போதும்.

அந்தப் பையனிடம் லைன்மேனைப் பற்றியே மறுபடி எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். “பேர் தெரியாதே சார்” என்றான். பேர் தெரியாது என்றே எழுது என்றேன். அம்மா, தயவுசெய்து இந்தத் தடவை அடிக்கச் சொல்லாதீர்கள்.