தோல்பாவை விளக்கும் மட்டக்களப்பு மாரியும்

மாரி நாளில் பறையடிப்பவர்கள் இடையிடையே தீ மூட்டித் தோலை வாட்டுவதைக் கோயில் வீதியில் பார்த்திருப்பீர்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் மங்கிவிடும். இந்தியாவிலிருந்து வாங்கிவந்து விறாந்தையில் தொங்கவிடும், பாவைக்கூத்துப் பாவைபோலத் தோலில் நிறந்தீட்டிச் செய்த தோல்பாவை விளக்குக்கும் இதே குணம்தான். அதைக் கைப்பை, செருப்புத் தோல் என்று நினைத்துப் பராமரிப்பதால்தான் கெட்டுப்போகிறது.

ஆந்திராவில் தர்மாவரத்துக்கு அருகே நிம்மலகுண்டா என்றொரு கிராமம். 2020இல் பத்மஸ்ரீ பெற்ற தோல்பாவைக் கலைஞர் தளவாய் சலபதி ராவின் ஊர். அங்கே ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள்; பதனிடுவதில்லை. வெளிச்சம் ஊடுருவுவது அதனால்தான், ஈரத்தைக் குடிப்பதும் அதனால்தான். விளக்கு செய்யும்போது ஈரத்தோலைக் கம்பிச் சட்டத்தில் போர்த்தித் தைப்பார்கள். காயக்காய அது சுருங்கி விறைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் முதல் எதிரி பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே போதும். மாரியில் இங்கே 80ஐத் தாண்டுவது புதினமில்லை. சாம்பல் வெள்ளைப் புள்ளிகள் கண்டதும் பலர் செய்வது ஈரச்சீலையால் துடைப்பது. பூஞ்சணத்துக்குத் தண்ணீர் கிடைக்கும், நிறமும் கரைந்து வழியும். அதைவிட, முகத்தை மூடிக்கொண்டு, விளக்கை வெளியே நிழலில் வைத்து, காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், நிறம் வெளிறும். மழையில் தோல் தொய்ந்திருந்தால் இழுத்துத் தைக்க அவசரப்படாதீர்கள். வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அது தானாக விறைக்கும். அதற்குள் இழுத்துத் தைத்த தையல் அப்போது தோலைக் கிழித்துவிடும்.

தேங்காய் எண்ணெய் பூசுவது இன்னொரு பிழை. மினுமினுப்பு ஒரு கிழமைதான். பிறகு ஊசல் மணம், தூசு. வார்னிஷும் வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும்.

கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக இருப்பவர்கள் கம்பியையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கறள் பிடித்தால் அது தோலில் மண்ணிறமாக ஊறும், பிறகு போகாது. வாங்கும்போதே கம்பிக்கு நிறப்பூச்சு உண்டா என்று உட்புறம் விரல் விட்டுப் பாருங்கள்.

பல்ப் 5 முதல் 7 வாட் வரையான, இளமஞ்சள் ஒளி தரும் எல்இடியாக இருக்கட்டும்; தோலுக்கும் அதற்கும் நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் தோல் மேற்பக்கமாகச் சுருண்டு தையலைப் பிய்க்கும்.

சுவரில் மாட்டும் பாவையை ஒட்டாதீர்கள். கை கால் மூட்டுகளில் ஏற்கெனவே முடிச்சு இருக்கிறது. அதே இடங்களில் பருத்தி நூலால் அட்டையில் கட்டி, சட்டத்தின் கண்ணாடிக்கும் தோலுக்கும் ஒரு சென்றிமீற்றர் விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய தோலை உரித்தால் நிறம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கமும், குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. எடுத்து வைக்கிறதென்றால் பருத்திச் சீலையில் சுற்றித் தட்டையாக வையுங்கள், பொலித்தீனில் வேண்டாம். எலிக்கும் நாய்க்கும் இது சாப்பாட்டுச் சாமான் என்பது பலருக்கு மறந்துபோகிறது.

போலியும் உண்டு. அசல் தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தடிப்பு ஒரே சீராக இராது, மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக் தாள் எங்கும் ஒன்றுபோல ஒளிரும். “மான்தோல்” என்று விலை கூட்டிச் சொன்னால் வாங்காதீர்கள். பழைய பாவைகளுக்கு மான்தோலும் பயன்பட்டது உண்மை. ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது உங்களையும் வழக்கில் மாட்டிவிடப் பார்க்கிறார்.