புயலுக்கு ஏது அதிர்வெண்?

"புயல்களின் அதிர்வெண்ணும் தீவிரமும் கூடிவருகின்றன." காலநிலை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. தீவிரம் சரி. அதிர்வெண் எப்படி உள்ளே வந்தது?

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது ஃப்ரீக்வென்சி. அது லத்தீன் வழி வந்த சொல். கூட்டம், நெரிசல் என்பது பழைய பொருள். அடிக்கடி நிகழ்வது என்பது பிற்பாடு வந்தது. ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்று எண்ணவும் இயற்பியலார் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு பொருளுக்காகத்தான் தமிழில் அதிர்வெண் பிறந்தது. ஹெர்ட்ஸில் அளக்கும் ஒலிக்கு அது அருமையாகப் பொருந்தும். புயல் வருவதும் போவதும் அதிர்வா என்ன?

அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிடும் பழக்கம்தான் காரணம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் தமிழிலும் அப்படியே இருக்க வேண்டுமா? சிலர் அலைவெண் என்கிறார்கள். பள்ளிப் புள்ளியியலில் அது புழங்கியதுதான். ஆனால் கடல் பற்றிய கட்டுரையில் அலைவெண் என்றால் அலைகளை எண்ணுவதாகவே படும். அது இன்னும் மோசம். இலங்கைப் பாடநூல்களின் மீடிறன் அங்கே படித்தவர்களுக்கு இயல்பானது, மற்றவர்களுக்குப் புரியாது. நிகழ்வெண் இருக்கிறதே! புள்ளியியலில் ஏற்கெனவே உள்ள சொல், பார்த்ததும் விளங்குகிறது.

இதைச் சொல்வழக்குச் சண்டை என்று தள்ளிவிடக் கூடாது. நிகழ்வெண் என்று எழுதியிருந்தால் வாசகர் உடனே "எத்தனை வந்தது?" என்று கேட்பார். அப்போது அந்த வாக்கியமே ஆட்டம் காணும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 80 முதல் 90 வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. செயற்கைக்கோள்களுக்கு முன் நடுக்கடலிலேயே அடங்கிப்போன பல புயல்கள் பதிவாகவே இல்லை. ஆகவே மொத்த எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்கை உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. கடந்த 40 ஆண்டுகளில் காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் மூன்றாம் வகையும் அதற்கு மேலுமான புயல்களின் பங்கு கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதாவது ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று வலு. இரண்டையும் ஒரே மூச்சில் "கூடுகின்றன" என்று எழுதியவர் அதிர்வெண்ணின் பொருளை யோசிக்கவே இல்லை.

அப்புறம், தீவிரத்துக்குச் செறிவு என்று எழுதுபவர்களும் உண்டு. ஒளிக்கும் கரைசலுக்கும் செறிவு சரி. புயலில் அளப்பது காற்றின் உச்ச வேகத்தையும் மையத்தின் அழுத்தத்தையும். அதற்குத் தீவிரம் போதும்; வலு என்றால் இன்னும் நல்லது.