மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு வருவது எப்படி?

ஆலாத்தித் தட்டிலுள்ள மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு கரைத்தால் நீர் சிவந்துவிடும். அதே வேதித்தாக்கத்தைக் கடதாசியில் நிகழ்த்தினால் நல்ல ஓவியம் வரையலாம். தேவையானவை எல்லாம் குசினியிலும் வெற்றிலைத் தட்டிலும் உண்டு. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் மட்டும் பாமசியில் வாங்க வேண்டும்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற நிறப்பொருளால் வருகிறது. அது 420 நனோமீற்றர் அளவிலான நீல-ஊதா ஒளியை உறிஞ்சுகிறது. சுண்ணாம்பு போன்ற காரம் (அமிலத்துக்கு எதிரானது) பட்டதும் குர்குமின் மூலக்கூறு ஐதரசன் அயனை இழக்கிறது. உறிஞ்சப்படும் ஒளி பச்சைப் பக்கம் நகர, கண்ணுக்குச் செம்மை தெரிகிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7 வரை மஞ்சள், 8.5ஐத் தாண்டினால் செங்கபிலம்.

குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரில் குழைத்துப் பூசினால் கடதாசியில் தூள் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 30 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் கலக்கி, மூடி, கால் மணி நேரம் விட்டுப் பஞ்சால் வடிகட்டுங்கள். இலங்கையில் 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது மஞ்சளில் மாக் கலப்பது பெருகியது. அப்படிக் கலந்த மாவும் ஸ்பிரிட்டில் கரையாமல் பஞ்சிலேயே தங்கிவிடும். ஸ்பிரிட் சட்டெனத் தீப்பற்றும், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

வடித்த சாயத்தைச் சித்திரக் கொப்பித் தாளில் பூசிக் காயவிடுங்கள். வழுவழுப்பான பிறிஸ்டல் போட் சாயத்தை உறிஞ்சாது. பிறகு கடலை அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். அதைத் தூரிகையால் தொட்ட இடம் உடனே சிவக்கும். அப்பச்சோடாக் கரைசல் பி.எச். 8.3 அளவிலேயே நிற்பதால் மங்கலான செம்மஞ்சளைத் தரும். நிழல் காட்ட அது போதும். தேசிக்காய்ச் சாறு தொட்டால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும், ஆகவே அதுதான் அழிறப்பர்.

திருகோணமலைக் கோணேசர் கோயில் பாறைக்குப் பின்னால் சூரியன் எழும் காட்சியை வரைவதானால், காய்ந்த மஞ்சள் தாளில் சூரியன் வரும் இடத்தை மெழுகுதிரியால் அழுத்தித் தேயுங்கள். சுண்ணாம்பு நீர் மெழுகில் ஒட்டாமல் மணிமணியாக உருளும். வானம் முழுக்கச் சிவந்தாலும் சூரியன் மஞ்சளாகவே இருக்கும்.

சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் நெடுநேரமாகியும் பால்போலவே இருந்தால், அது கடினத்தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம். அதில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்பு, சுண்ணாம்பின் காரத்தைத் தின்றுவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரையோ மழைநீரையோ பாவியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் வாடைக்காலத்து ஈரத்தில் தாள் சரியாகக் காயாது, கோடுகளும் பரவும். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களே இதற்கு உகந்தவை. ஆனால் எந்தக் காலத்திலும் இந்தச் சிவப்பு நிலைக்காது. காற்றின் காபனீரொட்சைட்டு சுண்ணாம்பைக் கல்சியம் காபனேற்றாக்கிக் காரத்தைக் குறைக்கிறது. குர்குமினும் காரத்திலும் வெயிலிலும் சிதைகிறது. படத்தை அன்றைக்கே ஒளிப்படம் எடுத்துவிட்டு, இருட்டான கோப்புறையில் வையுங்கள்.

சாயம் உடுப்பில் பட்டுச் சவர்க்காரம் போட்டதும் சிவந்தால் பயப்பட வேண்டாம், சவர்க்காரமும் காரம்தான். நன்றாக அலசி வெயிலில் விரித்தால் கறை மெல்ல வெளுக்கும்.